எழுத்து பொடியாகவோ மங்கலாகவோ தெரிந்தால்: மானிட்டர் ரெசல்யூஷன் கேள்வி பதில்

கேள்வி: 22 இன்ச் மானிட்டர், விண்டோஸ் 11. 1920×1080-ல் வைத்தால் இணையப் பக்கங்களில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது. 1280×720-க்கு மாற்றினால் பெரிதாகிறது, ஆனால் மங்கிவிடுகிறது. எது சரி சார்?

பதில்: 1920×1080-லேயே இருக்கட்டும். திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள் என்று சொல்லும் இந்த எண்கள்தான் ரெசல்யூஷன். எல்சிடி பேனலில் எத்தனை புள்ளிகள் என்பது தயாரிப்பிலேயே முடிவாகிவிட்ட விஷயம். 1280 புள்ளிப் படத்தை 1920-ல் பரப்பும்போது ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைப் புள்ளி தேவைப்படுகிறது. அரைப் புள்ளியை எரியவிட வழியில்லை; அதனால் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து ஒப்பேற்றுகிறது. தமிழில் முதலில் அடிபடுவது மெய்யெழுத்தின் புள்ளியும் சுழிகளும்தான். மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் ஒன்றுபோலத் தெரிந்தால் முதலில் ரெசல்யூஷனைப் பாருங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க வேண்டிய இடம் வேறு. டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போங்கள். ரெசல்யூஷனில் 'ரெகமெண்டட்' என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு மேலே உள்ள ஸ்கேலை 100-லிருந்து 125 சதவீதமாக்குங்கள். சில பழைய மென்பொருள்கள் சைன் அவுட் செய்து மறுபடி உள்ளே வந்த பிறகுதான் ஒழுங்காகத் தெரியும். அப்படியும் எழுத்தின் ஓரம் பிசிறடித்தால், ஸ்டார்ட் மெனுவில் 'கிளியர்டைப்' (எழுத்தின் ஓரத்தைச் சீராக்கும் விண்டோஸ் வசதி) என்று தேடி, காட்டும் மாதிரிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: என் லேப்டாப் 1366×768. நீங்கள் சொல்வதுபோல 125 வைத்ததும் சில தளங்களில் மேல் மெனு காணாமல் போய் மூன்று கோடு மட்டும் நிற்கிறது.

பதில்: 1366-ஐ 1.25-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1093. பிரவுசருக்கு இப்போது அவ்வளவு அகலம்தான். அந்தத் தளத்தை வடிவமைத்தவர்கள் 1200 போன்ற ஓர் எல்லை வைத்திருந்தால், அதற்குக் கீழே வந்ததும் டேப்லெட்டுக்கான வடிவம் வந்துவிடும். தளத்தில் கோளாறு இல்லை.

அந்தத் தளத்தில் மட்டும் கன்ட்ரோலும் மைனஸும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் ஒருமுறைக்கு 90, இன்னொரு முறைக்கு 80 சதவீதம். 90-லேயே அகலம் 1214 ஆகிவிடும். தளத்துக்குத் தளம் தனித்தனியாக ஜூமை குரோம் நினைவில் வைத்துக்கொள்ளும், மற்றவை மாறாது. பழைய அளவு வேண்டுமென்றால் கன்ட்ரோலுடன் சைபர். ஃபயர்பாக்ஸில் எழுத்தை மட்டும் பெரிதாக்கும் 'ஜூம் டெக்ஸ்ட் ஒன்லி' வசதி உண்டு. சின்னத் திரைக்கு என் பரிந்துரை அதுதான், பக்கத்தின் அகலம் குறையாது.

கேள்வி: விண்டோஸ் புதிதாகப் போட்ட பிறகு 1024×768-க்கு மேல் பட்டியலிலேயே இல்லை.

பதில்: டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் பாகத்தை இயக்கும் மென்பொருள், இல்லை என்று அர்த்தம். இன்டெல், ஏஎம்டி, என்விடியா, உங்களுடையது எதுவோ அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள்; 'டிரைவர் அப்டேட்டர்' என்று விளம்பரத்தில் வருபவை வேண்டாம். டிரைவர் சரியாக இருந்தும் இதே நிலை என்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். மானிட்டர் தன் அளவைக் கம்ப்யூட்டருக்குத் தெரிவிப்பது கேபிள் வழியாகத்தான். பழைய வகை விஜிஏ இணைப்புக்கு மாற்றித் தரும் மலிவான கன்வெர்ட்டர்கள் சில அந்தத் தகவலைக் கடத்துவதில்லை.

கேள்வி: ரெசல்யூஷன் மாற்றியதும் திரை கறுத்துவிட்டால்?

பதில்: எதையும் தொடாமல் 15 விநாடி பொறுங்கள், தானாகப் பழையபடி வந்துவிடும்.

கேள்வி: டிவியை எச்டிஎம்ஐயில் இணைத்திருக்கிறேன் அண்ணா. டாஸ்க்பார் பாதி வெட்டுப்படுகிறது.

பதில்: அது ஓவர்ஸ்கேன், அதாவது டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடுவது. ரெசல்யூஷனைத் தொடாதீர்கள். டிவி ரிமோட்டில் பிக்சர் சைஸ் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' வையுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும்.

கேள்வி: 4கே மானிட்டர். பக்கத்தை ஸ்க்ரோல் செய்தால் விட்டுவிட்டு நகர்கிறது.

பதில்: டிஸ்ப்ளே செட்டிங்ஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பது) 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4-ல் 4கேக்கு அதுதான் உச்சம். 60 வேண்டுமென்றால் கம்ப்யூட்டர், கேபிள், மானிட்டர் மூன்றும் எச்டிஎம்ஐ 2.0-க்கு ஈடுகொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர், மானிட்டர் இரண்டிலும் டிஸ்ப்ளேபோர்ட் என்ற இன்னொரு வகை இணைப்பு இருந்தால் அதில் மாட்டிப் பாருங்கள்.