கொல்லைப் பட்டறைக்கு முதல் மெஷின் எது?

கேள்வி: மன்னார்குடி பக்கம் வீடு. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். 2018 கஜா புயலில் சாய்ந்த பலா, பூவரசு மரங்களை அறுத்த பலகைகள் கிடக்கின்றன. மணை, அலமாரி, கொலுப்படி என்று சின்னச் சின்னதாகச் செய்ய ஆசை. கிரைண்டரில் மர பிளேடு மாட்டினால் எல்லா வேலையும் முடியும் என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்? பேட்டரியா, ஒயரா?

பதில்: கிரைண்டர் யோசனையை விட்டுவிடுங்கள். நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று ஓடும். இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் அமைந்த வேகம் அது. பல் வைத்த பிளேடைப் பலகை கொஞ்சம் கவ்விப் பிடித்தாலே மெஷின் உங்கள் மேல் எகிறும். பலவற்றில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் அது ஆன் நிலையிலேயே பூட்டிக்கொள்ளும், கை நழுவினாலும் பிளேடு சுற்றும். தையல் போட்டுக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

முதலில் டிரில் வாங்குங்கள். 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்வும் வாய்), 600 வாட் அளவு, விசையை அழுத்த அழுத்த வேகம் கூட வேண்டும், ரிவர்ஸ் இருக்க வேண்டும். கடையிலேயே 6 மி.மீ. பிட் (துளைக்கும் கம்பி) மாட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிட்டின் முனை ஓரிடத்தில் நிற்காமல் ஆடி வட்டமடித்தால் வேறு பிட் போடுங்கள். அதுவும் ஆடினால் கோளாறு சக்கில்தான். அந்த மாடலுக்குக் கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) உள்ளூரில் கிடைக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தேயும் பொருள் அது, மாற்றும்போது ஜோடியாகவே மாற்ற வேண்டும்.

பேட்டரியா ஒயரா என்றால், உங்களுக்கு ஒயர்தான். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை அடுப்பு மாதிரி. மாதத்தில் இரண்டு நாள் வேலைக்கு அதைப் பராமரிப்பது வீண். (பெட்டியில் 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ் என்று இரண்டு விதமாகப் போட்டிருந்தாலும் உள்ளே அதே ஐந்து செல் வரிசைதான்.) ஒயர் மெஷினுக்குப் பகை லோ வோல்டேஜ். பக்கத்துப் பம்புசெட் ஓடும்போது பிளக்கில் வோல்ட் மீட்டர் வைத்துப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200-க்குக் கீழே போனால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். வேகம் குறையும், நாம் இன்னும் அழுத்துவோம், உள்ளே இருக்கும் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் மோட்டாரின் செப்புக் கம்பிச் சுற்று கருகும். எக்ஸ்டென்ஷன் ஒயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது.

பூவரசில் ஸ்குரு போடும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் துளை சின்னதாகிவிட்டது என்று பொருள். இன்னும் முடுக்கினால் தலை முறிந்து தண்டு உள்ளேயே நிற்கும். 8 நம்பர் ஸ்குருவுக்கு 3 மி.மீ. துளை போட்டு, மரைமேல் சோப்பைத் தேய்த்து இறக்குங்கள். பித்தளை ஸ்குரு என்றால் அதே அளவு இரும்பு ஸ்குருவை முதலில் ஏற்றிக் கழற்றி, பிறகு பித்தளையைப் போடுங்கள்.

கை பழகியபின் ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி அறுக்கும் மெஷின்). சாதாரண பிளேடு மேலே ஏறும்போதுதான் அறுக்கும், சிலும்பு மேல்பக்கம் வரும். எனவே நல்ல முகத்தைக் கீழே வையுங்கள். 30 மி.மீ.க்கு மேல் கனமான பலகையில் பிளேடு வளைந்து, அடிப்பக்கம் கோடு விலகிப்போகும். அத்தகைய பலகையை மரவாடியில் கொடுத்து அறுத்து இழைத்து வாங்கிவிடுங்கள், கூலி பெரிதாக ஆகாது. பலாப் பிசின் பிளேடில் அப்பினால் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைக்கலாம்.

மீதிப் பணத்தில் பலகையை இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்ப், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தூசிக்கு மாஸ்க். ஐப்பசி பிறக்கும் முன்பே பிட், பிளேடுகளில் மெஷின் ஆயில் தடவி, மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.