காலடிக் கணக்கும் கைப்பட்டையும்: வாசகர் கேள்வி-பதில்

மகன் வாங்கித் தந்த, காலடிகளை எண்ணும் கைப்பட்டையைச் சிங்கப்பூர்ச் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியுடன் இணைத்தேன். மாலை வரை பழைய எண்ணிக்கையே நிற்கிறது. பட்டை பழுதா? (ஈசூன் வாசகி)

பழுதாக இருக்காது அம்மா. பட்டை முதலில் புளூடூத் வழியாகத் தன் நிறுவனத்தின் செயலிக்குத்தான் கணக்கை அனுப்பும். அங்கிருந்துதான் மற்றச் செயலிகளுக்குப் போகும். ஆகவே முதலில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து புதிய எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மின்கலச் சேமிப்பு அமைப்பு அதைப் பின்னணியில் இயங்கவிடாமல் தடுத்திருக்கலாம். அந்தச் செயலிக்கு மட்டும் தடையை நீக்கிவிடுங்கள்.

ஓர் உணவுக் கட்டுப்பாட்டுச் செயலி என் ஃபிட்பிட் கைப்பட்டைக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கிறது. கொடுக்கலாமா? (செங்காங் வாசகர்)

கொடுக்கவே கொடுக்காதீர்கள். முறையான செயலி உங்களைக் கணக்கின் சொந்தப் பக்கத்துக்கே அழைத்துச் செல்லும். ஃபிட்பிட்டைக் கூகல் 2021இல் வாங்கிவிட்டதால், அது கூகல் நுழைவுப் பக்கமாகவும் இருக்கலாம். முகவரியைச் சரிபார்த்து அங்கே நுழையுங்கள். கடவுச்சொல் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். கேட்ட செயலிக்குப் போவது நீங்கள் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய ஓர் அனுமதி மட்டுமே.

அடுத்து வரும் அனுமதிப் பட்டியலைத்தான் பலரும் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். காலடி, எடை, இதயத் துடிப்பு, உறக்கம், இருப்பிடம் என எல்லாவற்றிலும் செயலிக்காரர்கள் முன்கூட்டியே குறி போட்டே வைத்திருப்பார்கள். உணவுக் கணக்குக்கு உங்கள் உறக்கம் எதற்கு? இருப்பிடம் எதற்கு? எடுத்துவிடுங்கள். ஓட்டங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், ஓடிய ராணுவ வீரர்களின் தடங்கள் ராணுவ முகாம்களின் வடிவத்தையே காட்டிவிட்டது 2018இல் பெரிய செய்தியானது. உங்கள் ஓட்டம் நாள்தோறும் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொடங்குகிறது என்றால், வீடு எங்கே என்பதை வரைபடமே சொல்லிவிடும். ஓட்டத்தைப் பகிர்பவர்கள் தொடக்க இடத்தை மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

ஒரே நடை இரண்டு முறை கணக்காகிறது. (பிடோக்)

கைப்பேசியும் கடிகாரமும் தனித்தனியே எண்ணுகின்றன. செயலியின் இணைப்புப் பகுதியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டேன். இணைப்பும் போய்விட்டதல்லவா? (உட்லண்ட்ஸ்)

இல்லை. அனுமதி உங்கள் கணக்கில் இருக்கிறது, கைப்பேசியில் அல்ல. கணக்கின் அமைப்புகளில் இணைக்கப்பட்ட செயலிகளின் பட்டியலைத் திறந்து அங்கே ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே போன விவரங்கள் அதனால் அழியா. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுத்த ஒப்புதலை நீங்கள் மீட்டுக்கொள்ளலாம். நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்புக்கென ஓர் அதிகாரியை நியமித்திருக்கவும் வேண்டும். அவருக்கு எழுதுங்கள், விவரங்களை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.