லசானியாவின் மேலே எந்த சீஸ் போடுவது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் ஓடிஜி என்கிற சின்ன மின் ஓவனில் லசானியா செய்கிறேன். மேலே மொசரெல்லா போட்டால் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கிடக்கிறது, இன்னொரு தடவை ரப்பர் போல இழுக்கிறது. செடார் போட்டால் எண்ணெய் மிதக்கிறது. பார்மேசன் போடு என்று அக்கா சொல்கிறாள். வீட்டில் மாமியார் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நான் எதைத்தான் போடுவது?"

லசானியா தெரியாதவர்களுக்கு: பாஸ்தா தகடுகளைச் சாஸோடு அடுக்கி ஓவனில் சுடும் இத்தாலிய உணவு அது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். கட்டியாக விற்கும் மொசரெல்லாவை வாங்கி நீங்களே துருவுங்கள், அதில் நான்கு பங்குக்கு ஒரு பங்கு நன்றாகப் பழுத்த கெட்டி சீஸ் (பார்மேசன் வகை) கலந்துகொள்ளுங்கள், ஒயிட் சாஸ் (வெண்ணெய், மாவு, பால் சேர்த்துக் காய்ச்சியது) முழுக்கப் பூசிய மேல் அடுக்கின் மீது அதைத் தூவுங்கள். எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்துக்கு 120 கிராம் மொசரெல்லா, 30 கிராம் கெட்டி சீஸ் போதும். இதற்கு மேல் போட்டால் ருசி கூடாது, எண்ணெய்தான் கூடும்.

இனி காரணம். சீஸ் வாங்கும்போது எல்லோரும் பெயரைப் பார்க்கிறோம். ஓவனுக்குள் போகிற சீஸில் பார்க்க வேண்டியது இரண்டு: அதில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, அது எவ்வளவு நாள் பழுத்தது. உங்களுக்கு நடந்த மூன்று கோளாறுக்கும் விடை இந்த இரண்டில்தான் இருக்கிறது.

மொசரெல்லா என்று ஒரே பெயரில் இரண்டு பொருள் விற்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை ஒன்று, இறுக்கமாக பிளாஸ்டிக்கில் சுற்றிய மஞ்சள் சாயல் கட்டி இன்னொன்று. முதலாவதில் பாதிக்கு மேல், சில சமயம் 60 சதவீதம் வரை தண்ணீர். இரண்டாவதில் 45 முதல் 52 சதவீதம் என்பது அமெரிக்க உணவுத் தர விதி வைத்திருக்கும் அளவு. உருண்டையை 120 கிராம் மேலே பரப்பினால் ஏறக்குறைய 70 கிராம் தண்ணீரை லசானியா மீது வைக்கிறோம், அதில் பெரும்பகுதி வெளியே வந்து தக்காளி சாஸோடு சேர்ந்து ஓரங்களில் தேங்குகிறது. உங்களுக்குத் தண்ணீர் விட்டது அதனால்தான் இருக்க வேண்டும். வீட்டில் உருண்டைதான் இருக்கிறது என்றால் கையால் பிய்த்து, வடிகட்டியில் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றி எடுத்துப் போடுங்கள். சமாளித்துவிடலாம்.

ரப்பர் ஆனது வேறு கதை. சூடு அதிக நேரம் பட்டு ஈரமும் கொழுப்பும் வெளியேறிவிட்டால் மிச்சமிருக்கும் புரதம் சுருங்கி இறுகிவிடும், ஆறினால் இன்னும் இறுகும். அடியில் சாஸ் இல்லாத இடத்தில், வெறும் லசானியா தகட்டின் மேல் விழுந்த சீஸ்தான் முதலில் இப்படி ஆகும். அதனால்தான் ஒயிட் சாஸை ஓரம் வரை, மூலை வரை பூசச் சொல்கிறேன். இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் சீஸில் சின்னக் குறை இருந்தாலும் தெரியாது.

செடாருக்கு வருவோம். செடார் பழுக்கப் பழுக்க அதன் புரத இழைகள் சிறு சிறு துண்டுகளாக உடைகின்றன. வாயில் அந்த அருமையான காரம் வருவது அதனால்தான், ஆனால் அதே காரணத்தால் கொழுப்பைப் பிடித்து வைக்கும் வலை பலவீனமாகி, சூட்டில் எண்ணெய் தனியே, திப்பி தனியே பிரிகிறது. ரொட்டிக்கு அது பிரமாதமான சீஸ், லசானியா தலைக்கு அது தனியாக வேண்டாம். 2014-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஏழு வகை சீஸ்களை பீட்சா மேல் வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். மொசரெல்லா மட்டும் ஏன் அப்படி அழகாகப் புள்ளி புள்ளியாகப் பொன்னிறம் ஆகிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு இழுபடும் தன்மை உண்டு, அடியிலிருந்து எழும் நீராவி அதைக் குமிழாக உப்ப வைக்கிறது, குமிழின் உச்சியிலிருந்து எண்ணெய் வழிந்து இறங்க, அந்தத் தோல் காய்ந்து சிவக்கிறது. செடார், கோல்பி, ஈடம் மூன்றும் குமிழ் விடும் அளவுக்கு இழுபடவில்லை. க்ரூயேர், புரோவலோன் போன்றவற்றில் எண்ணெய் அதிகம் வெளிவந்து மேலே படர்ந்ததால் சிவப்பது குறைந்தது. ஆக மேலே நிறமும் இழுவையும் வேண்டுமென்றால் மொசரெல்லாவுக்கு மாற்று இல்லை.

ஆனால் மொசரெல்லாவுக்கு ருசி மிகக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. உங்கள் அக்கா சொன்ன பார்மேசன் இங்கேதான் உதவும். பார்மேசனின் அசலான இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ குறைந்தது 12 மாதம் பழுக்க வேண்டும், கடைகளில் பார்ப்பது பெரும்பாலும் 24 மாதம் அல்லது அதற்கு மேல். ஈரம் சுமார் 30 சதவீதம்தான். உருகி இழுபடாது, ஆனால் ஒரு பிடி தூவினாலே சாஸ் முழுக்க ஆழம் வந்துவிடும், ஒயிட் சாஸோடு கலந்து மேலே மெல்லிய பொன்னிறப் பொருக்கு பிடிக்கும்.

சொல்லப்போனால் லசானியாவின் சொந்த ஊர்களில் ஒன்றான போலோனியாவில் மேலே மொசரெல்லா போடுவதே கிடையாது. 2003-ல் இத்தாலியச் சமையல் அகாதமி அந்த நகரின் வர்த்தக சபையில் பதிவு செய்த செய்முறையில் கீரை சேர்த்த பச்சைத் தகடு, ராகு என்கிற இறைச்சிச் சாஸ், ஒயிட் சாஸ், பார்மிஜானோ, அவ்வளவுதான். சீஸ் இழை இழையாக வருவது அங்கே யாரும் எதிர்பார்க்கிற விஷயமே அல்ல. தெற்கே நேப்பிள்ஸில் கார்னிவல் நாட்களில் செய்யும் லசானியாவில்தான் ரிக்கோட்டா என்கிற மென்மையான சீஸ், மொசரெல்லா அல்லது புகையூட்டிய புரோவோலா சீஸ், சின்னச் சின்ன இறைச்சி உருண்டை, அவித்த முட்டை எல்லாம் வரும். இரண்டுமே அசல்தான். உங்கள் லசானியாவில் ஒயிட் சாஸ் தாராளமாக இருந்தால் போலோனியா வழியில் கெட்டி சீஸ் மட்டும் தூவி ஒரு தடவை செய்து பாருங்கள், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இழுத்துச் சாப்பிட வேண்டும் என்றால் நான் முதலில் சொன்ன கலவை.

மாமியார் விஷயம் முக்கியம், இதை அலட்சியமாக விடாதீர்கள். அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோ சைவம் அல்ல. பாலைத் திரிக்க கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னட்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் விதி. அதே போன்ற இன்னொரு இத்தாலியக் கெட்டி சீஸான கிரானா படானோவும் அப்படியே, அதில் முட்டையிலிருந்து எடுக்கும் லைசோசைமும் பெரும்பாலும் சேர்ப்பார்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது ஆசையாக வாங்கி வந்து கொடுத்தாலும் அதை அவருக்குப் போட வேண்டாம், தெரியாமல் சாப்பிட வைப்பது தப்பு. அதற்குப் பதில் பச்சைப் புள்ளி இருக்கும், பொருள் பட்டியலில் நுண்ணுயிர் ரென்னட் என்று போட்டிருக்கும் பார்மேசன் வகை சீஸ் வாங்குங்கள். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள், அங்கே செய்த பழுத்த கெட்டி சீஸ் உங்கள் ஊரில் கிடைத்தால் அதையும் இதே மாதிரி லேபிளைப் படித்துவிட்டு எடுக்கலாம். அப்படியே லசானியா தகட்டின் பாக்கெட்டையும் திருப்பிப் பாருங்கள், சிலவற்றில் முட்டை உண்டு, வெறும் கோதுமை ரவையில் செய்ததும் கிடைக்கிறது.

வேண்டாதவை: டப்பாவில் வரும் பார்மேசன் பொடி, அதில் ஒட்டாமலிருக்க செல்லுலோஸ் கலந்திருக்கும், சரியாக உருகாது. சீஸ் ஸ்லைஸும் க்யூபும் பதப்படுத்திய சீஸ், வழவழப்பாக உருகும், இழுபடாது, காய்ந்தால் தோல் மாதிரி ஆகும். துருவியே விற்கும் மொசரெல்லாவிலும் மாவுப் பூச்சு இருப்பதால் ஒன்றோடொன்று சேர்ந்து உருகுவது குறைவு, அவசரத்துக்குப் பரவாயில்லை. விலை ரொம்பக் குறைவாக இருக்கும் பாக்கெட்டில் பாலுக்குப் பதில் தாவர எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். பனீர் எவ்வளவு சுட்டாலும் உருகாது, அமிலத்தில் திரித்ததால் அதன் இயல்பே அப்படி. அதை உதிர்த்துக் கொஞ்சம் பாலும் உப்பும் சேர்த்துப் பிசைந்து ரிக்கோட்டாவுக்குப் பதிலாக நடு அடுக்கில் வையுங்கள், அருமையாக இருக்கும்.

கடைசியாக ஓடிஜி. சின்ன ஓவன் என்பதால் மேல் கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருக்கும், சீஸ் கருகுவதற்கு அதுதான் காரணம். 180 டிகிரியில் முன்சூடு செய்து, தட்டை நடுவிலோ அதற்கு ஒரு படி கீழேயோ வையுங்கள். முதலில் சீஸ் போடாமல், ஒயிட் சாஸோடு மட்டும் ஃபாயில் மூடி 25 நிமிடம். அப்புறம் ஃபாயிலை எடுத்துவிட்டு சீஸைத் தூவி, திறந்தபடி 12 முதல் 15 நிமிடம். இப்படிச் செய்தால் சீஸ் ஃபாயிலில் ஒட்டிக்கொண்டு உரிந்து வராது, தேவைக்கு மேல் வேகவும் செய்யாது. நிறம் போதவில்லை என்றால் மேல் கம்பியை மட்டும் போட்டு இரண்டு நிமிடம், அந்த இரண்டு நிமிடமும் ஓவன் முன்னாடியே நில்லுங்கள். கெட்டி சீஸில் உப்பு அதிகம், அதனால் சாஸில் உப்பைக் கொஞ்சம் முன்னதாகவே குறைத்துவிடுங்கள்.

வெளியே எடுத்ததும் வெட்டாமல் 15 நிமிடம் விடுங்கள், சாஸ் இறுகி அடுக்கு கலையாமல் வரும். மிச்சமானால் மறுநாள் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், மேலே இருக்கும் மொசரெல்லா அங்கேதான் ரப்பராகும். துண்டின் மேல் ஒரு ஸ்பூன் பால் விட்டு, ஃபாயில் மூடி, 160 டிகிரியில் உள்ளே சூடேறும் வரை வையுங்கள்.