விமானப் பணிப்பெண் வேலைக்குப் போகும் என் மகள் வெளியூரில் இரவு எங்கே தங்குவாள்? பத்திரமாக இருக்குமா?

ஐயா, நான் புதுச்சேரி முத்தியால்பேட்டை. ஒன்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன். கடலூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதைத்தான் என் அம்மாவும் முதல் வருடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். நம் பக்கத்தில் இதையெல்லாம் பார்த்துத் தெரிந்துகொள்ள வாய்ப்பு குறைவு. லாஸ்பேட்டையில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர்தான். ஏடிஆர் மாதிரி சின்ன விமானம் வரும், ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.

முதலில் ஒரு விஷயம். மகளுக்கு எந்த ஊர் ‘பேஸ்’, அதாவது வேலைக்குக் கிளம்பித் திரும்பி வரும் ஊர் என்று சொல்கிறார்களோ, அந்த ஊரில் நிறுவனம் ஓட்டல் தராது. சென்னை என்றால் பழவந்தாங்கல், பல்லாவரம் பக்கம் வீடு பார்த்து வாடகை கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. பல பெற்றோருக்கு இது வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. வேலையாகப் போன இடத்தில் தங்க நேர்ந்தால்தான் நிறுவனம் ஓட்டல் போடும். வண்டியும் அவர்களே அனுப்புவார்கள். கூட வேலை செய்தவர்களும் பெரும்பாலும் அதே ஓட்டலில்தான் இருப்பார்கள்.

ஐரோப்பிய விதிப்படி ஆளுக்கு ஒரு தனி அறை, அமைதியான இடத்தில், வெளிச்சத்தையும் குளிரையும் கூட்டிக் குறைக்கும் வசதியோடு தர வேண்டும். இங்கே சில நிறுவனங்களில் இரண்டு பேருக்கு ஓர் அறை. சேரும்போதே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

தூக்கம்தான் பெரிய பாடு. அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு தூக்கத்துக்கு ஏங்கும் நேரம் என்று விமானத்துறை விதிகளே சொல்கின்றன. அந்த நேரத்தில் வேலை பார்த்துவிட்டு, விடிந்த பிறகு படுக்க வேண்டும். ஒருமுறை வடக்கே ஓர் ஊரில் காலை நான்கு மணிக்குப் போய் இறங்கினோம். அறை தயாரில்லை. யூனிபார்மோடு லாபி சோபாவில் இரண்டரை மணி நேரம். அறை கிடைத்துப் படுத்தால், கீழே கல்யாண பேண்டு. அன்று மாலை, அவசரக் கதவை எப்படித் திறப்பது என்று பயணிக்கு விளக்கும்போது பாதியில் எனக்கு வார்த்தையே வரவில்லை. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. தீப்பிடித்தால் ஒவ்வொரு விநாடியையும் எண்ணி ஆட்களை வெளியேற்ற வேண்டியவர்கள் நாங்கள். சொகுசுக்காகவா நாங்கள் நல்ல அறை கேட்கிறோம்?

மகளிடம் இதையெல்லாம் சொல்லி அனுப்புங்கள். வரவேற்பில் அறை எண்ணை உரக்கச் சொன்னால், வேறு அறை கேட்கத் தயங்கக் கூடாது. தரைத்தளமும் வேண்டாம், லிஃப்டுக்குப் பக்கமும் வேண்டாம். உள்ளே போனதும் தோழியை வாசலில் நிற்க வைத்துவிட்டு, குளியலறை, அலமாரி, திரைக்குப் பின்னால் என்று எல்லாம் பார்த்த பிறகு கதவைச் சாத்த வேண்டும். கதவுக்கு அடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பு பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். கேட்காமல் யாராவது ‘ரூம் சர்வீஸ்’ என்று தட்டினால், திறக்காமல் வரவேற்புக்குப் போன் போட வேண்டும். அப்புறம், துணி கிளிப் நான்கு. திரைச்சீலை நடுவே வரும் வெயிலை மறைக்க அதுபோல எதுவும் இல்லை.

அறைக்குள் போனதும் ‘வந்துட்டேன்பா’ என்று ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால், அவளே கூப்பிடும் வரை நீங்கள் போன் செய்யாதீர்கள் ஐயா. தூங்கட்டும்.