ஞானப்பல் எடுக்கப் பயம்: மாத்திரையிலேயே ஓட்டிவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 36 வயது, பள்ளி ஆசிரியை. கீழ்த்தாடை ஞானப்பல் படுத்தவாக்கில் முளைத்திருக்கிறது, அறுவை செய்து எடுக்க வேண்டும் என்று 2020 தொடக்கத்தில் சொன்னார்கள். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. கிளினிக் திறந்த பிறகும் தொற்று பயத்தில் போகவில்லை. அடுத்த வருடம் கறுப்புப் பூஞ்சைச் செய்தி வேறு. இப்போது அவ்வப்போது ஈறு வீங்குகிறது, மாத்திரை போட்டால் அடங்குகிறது. பல் நாற்காலியை நினைத்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. இப்படியே ஓட்டிவிடலாமா?

பதில்: ஓட்ட முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பல் சிகிச்சையில் நோயாளி முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். டிரில் சுழலும்போது எச்சில் கலந்த நீர்த்திவலை காற்றில் பரவும். அதனால்தான் 2020 மே மாதம் மத்திய சுகாதார அமைச்சகம், தொற்று அதிகமாக இருந்த சிவப்பு மண்டலங்களில் அவசரப் பல் சிகிச்சைக்கு மட்டும் அனுமதி தந்தது. ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனமும், தொற்று பரவலாக உள்ள இடங்களில் வழக்கமான பல் சிகிச்சைகளைத் தள்ளிவைக்கச் சொன்னது. வீக்கம், சீழ், நிற்காத ரத்தக்கசிவு என்றால் தாமதிக்கக் கூடாது என்பதும் அப்போதே சொல்லப்பட்டதுதான். ஆனால் மக்கள் மனதில் நின்றது 'பல் கிளினிக் ஆபத்து' என்பது மட்டும்.

துணிந்து வந்தவர்களுக்கும் ஆறுதல் கிடைக்கவில்லை. பாதுகாப்பு உடைக்குள் டாக்டரின் முகம் தெரியாது, குரல் அமுங்கிக் கேட்கும், கூட வந்தவர் வெளியே நிற்க வேண்டும். பயந்தவரைத் தேற்றுவது முகமும் குரலும் பக்கத்தில் இருக்கும் ஆளும்தான். அவை மூன்றும் அப்போது இல்லை.

கறுப்புப் பூஞ்சை பற்றி: கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோய், கொரோனாவுக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு, இரண்டும் சேர்ந்தவர்களைத்தான் அது அதிகம் தாக்கியது. பெரும்பாலும் மூக்கு வழியாகப் போய் மேல்தாடையைப் பிடித்தது. ஆரோக்கியமான ஒருவருக்குக் கீழ்ப்பல்லை எடுத்ததால் மட்டும் அது வந்துவிடாது. உங்களுக்குச் சர்க்கரை இருந்தால் அளவைப் பார்த்துக்கொண்டு வாருங்கள், போதும்.

இனி முக்கியமான விஷயம். வீங்கிச் சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும். மரத்துப்போவதற்குப் போடும் ஊசி அங்கே சரியாக வேலை செய்யாது. பயந்து பயந்து தள்ளிப்போட்டு, தாங்க முடியாமல் ஓடி வருபவருக்குத்தான் வலி தெரிகிறது. அந்த வலி அடுத்த முறைக்கான பயத்தை இன்னும் கெட்டிப்படுத்துகிறது. ஆகவே வீக்கம் இல்லாத இந்த நாட்களில் போவதுதான் வலியில்லாமல் முடிக்க வழி. வயது ஏற ஏறத் தாடை எலும்பும் இறுகும். மாத்திரை தொற்றை அடக்குமே தவிர, பல்லைப் பாதி மூடியிருக்கும் ஈறு மடலுக்கடியில் உணவு சேரும் இடுக்கு அப்படியேதான் இருக்கும்.

நேரம் குறிக்கப் போன் செய்யும்போதே "எனக்கு ரொம்பப் பயம்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, சர்க்கரை, ரத்த அழுத்தம்போல இதுவும் எங்களுக்குத் தெரிய வேண்டிய தகவல். பல் பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோல் இருக்கிறது: நாளை சிகிச்சை என்றால், காத்திருக்கும்போது, டிரில், பல் சுத்தம் செய்வது, ஈறில் ஊசி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள். கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பயம். எதற்கு 5 போட்டீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். ஊசி என்றால் முதலில் ஜெல் தடவி மரக்கவைத்து, மெதுவாக மருந்தைச் செலுத்தலாம். டிரில் சத்தம் என்றால் காதில் பாட்டு. முதல் நாள் எக்ஸ்ரேவும் பேச்சும் மட்டும் என்று கேளுங்கள். இடது கையைத் தூக்கினால் டாக்டர் நிறுத்த வேண்டும் என்று பேசிவைத்து, ஒருமுறை ஒத்திகையும் பாருங்கள். நிறுத்தும் உரிமை கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்குப் பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

ஊசி போட்டதும் நெஞ்சு படபடக்கலாம். அதில் கலந்திருக்கும் அட்ரினலின்தான் காரணம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். இது தெரியாதவர்கள் 'எனக்கு ஏதோ ஆகிறது' என்று மிரண்டுபோகிறார்கள். மரத்த பிறகும் அழுத்தமும் இழுப்பும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடலாம்.

ஊசியில் மட்டும் செய்வதென்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். வெறும் வயிறும் பயமும் சேர்ந்தால் மயக்கம் வரும். அப்படியும் முடியாதென்றால் பதற்றம் தணிக்கும் மாத்திரை, சில இடங்களில் முகர வைக்கும் வாயு, கடைசியாக முழு மயக்கம் என வழிகள் உண்டு. மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். போட்ட அன்று துணைக்கு ஆள் வேண்டும், வண்டி ஓட்டக் கூடாது.

தொற்று பயம் மிச்சமிருந்தால், கருவிப் பையை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கே சளி, காய்ச்சல் என்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, தாடைக்கு அடியில் கெட்டியாக வீங்குகிறது, கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே, இரவானாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கக்கூடியது.