வாசகர் கேள்வி – பதில்: சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம்

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம். குடித்தாலும் அடி, குடிக்காவிட்டாலும் அடி. போன மாதம் கழுத்தைப் பிடித்து நெரித்தார். ஆறு வயதில் ஒரு மகள். ‘இன்னொரு தடவை கை வைத்தால் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன்’ என்று கண்டிப்பாகச் சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: சொல்லாதீர்கள் சகோதரி. இவள் கையை விட்டுப் போகிறாள் என்று தெரியும்போதுதான் இப்படிப்பட்டவர்கள் எல்லை மீறுவார்கள். பிரியும் நாளும் அதையடுத்த சில வாரங்களும் உயிருக்கே அதிக ஆபத்தான காலம். முன்கூட்டிச் சொன்னால் பீரோவிலிருந்து நகை காணாமல் போகும், போனைப் பிடுங்குவார், குழந்தையை மாமியார் ஊருக்கு அனுப்பிவிடுவார்.

கழுத்தை நெரித்ததைப் பத்தோடு பதினொன்றாக எண்ண வேண்டாம். ஒருமுறை நெரித்தவர் பின்னால் கொலை வரை போகும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே இரத்தக்குழாய் கிழிந்து, சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனை. அங்கே ‘கணவர் நெரித்தார்’ என்றே சொல்லுங்கள். ‘படியில் விழுந்துவிட்டேன்’ என்றால் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடும். நாளை கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால் மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். ஆகவே அன்றிரவு எங்கே தங்குவது என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும்வரை, சத்தம் கிளம்பியதும் சமையலறை, குளியலறை, மொட்டை மாடி மூன்றையும் தவிர்த்து வாசல் பக்கத்து அறைக்கு நகருங்கள். கத்தியும் அடுப்பும் ஒரு இடத்தில். மற்ற இரண்டில் தப்ப வழியில்லை. நம்பிக்கையான பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வாக்கியம் பேசி வையுங்கள். ‘அக்கா, உறை மோர் இருக்கா?’ என்று குரல் கொடுத்தாலோ போனில் கேட்டாலோ அவர் அவசர உதவி எண்ணான 112-ஐ அழைக்க வேண்டும். மகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இடையில் புகுந்து தடுக்கக் கூடாது, அந்த வீட்டுக்கு ஓட வேண்டும். கிளம்பும் நாளை அவளிடம் சொல்ல வேண்டாம். ஆறு வயதுக்கு அது தாங்காத இரகசியம்.

காகிதங்களை ஒரே நாளில் அள்ளாதீர்கள், பீரோவில் விழும் காலி இடமே காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொன்றாக வெளியே நம்பகமான வீட்டுக்குப் போகட்டும்: மகளின் பிறப்புச் சான்று, சாதிச் சான்று, இருவரின் ஆதார், உங்கள் மதிப்பெண் பட்டியல், பாஸ்புக், மருத்துவச் சீட்டுகள். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை என்றால் கல்யாணப் பத்திரிகையும் இரண்டு போட்டோவும் அவசியம். ரேஷன் கார்டு மாதாமாதம் தேடப்படும் பொருள். அதை விட்டுவிட்டு நகல் மட்டும் எடுங்கள். பள்ளியில் டி.சி. கேட்டு நிற்காதீர்கள், செய்தி அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடும். டி.சி. தாமதத்தைக் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. நகைகளை, நீங்கள் அணிந்திருக்கும் நிலையில் படம் எடுத்து வையுங்கள்.

மகளிர் உரிமைத் தொகை விழும் கணக்கின் ஏ.டி.எம். கார்டு அவர் கையிலா? வங்கியில் போன் எண்ணை மாற்றினால் பழைய எண்ணுக்கும் குறுஞ்செய்தி போகலாம். அந்த வேலையைக் கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை நடந்த இரவில் கிளம்புவதைவிட, அவர் வேலைக்குப் போன ஒரு சாதாரணக் காலைப்பொழுது நல்லது. கையில் காசே இல்லாவிட்டாலும் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அவர் முதலில் தேடி வருவது உங்கள் அம்மா வீட்டுக்குத்தான். ஆகவே மகளிர் உதவி எண்ணான 181-ஐ அழைத்து, மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் இடம் கேளுங்கள். ஐந்து நாள் வரை தங்கலாம், பிறகு காப்பகத்துக்கு அவர்களே வழிசெய்வார்கள். போய்ச் சேர்ந்த அன்றே, ‘என் விருப்பத்தில், பாதுகாப்புக்காக, மகளுடன் வெளியேறினேன்’ என்று அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து, மனு ஏற்பு ரசீதை வாங்குங்கள். இல்லாவிட்டால் ‘மனைவி, குழந்தை காணவில்லை’ என்றோ ‘நகையோடு ஓடிவிட்டாள்’ என்றோ அவர் முந்திக்கொள்வார்.

கேள்வி: எங்கே போனாலும் கணவருக்குத் தெரிந்துவிடுகிறது. போனில் ஏதாவது வைத்திருப்பாரோ?
– வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலும் உளவுச் செயலி எதுவும் தேவைப்படுவதில்லை. அவர் அமைத்துக் கொடுத்த கூகுள் கணக்கே போதும். வேறு போனிலிருந்து உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியையும், கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வையும் பாருங்கள். ஆனால் வீட்டில் இருக்கும்வரை எதையும் நீக்காதீர்கள். திடீரென்று இணைப்பு அறுந்தால் அவர் உஷாராகிவிடுவார், நீக்கியதற்குத் தனியாக அடி விழும். ரகசிய வேலைகளை அவர் தொடாத போனில், உதாரணமாகத் தோழியின் போனில், செய்யுங்கள். அழைத்த எண்களின் பட்டியலில் 181 நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிம் அவர் பெயரில் இருந்தால் அவரே அதை முடக்கவோ மாற்று சிம் வாங்கவோ முடியும், ஓ.டி.பி. எல்லாம் அவரிடம் போகும். உங்கள் பெயரில் புது சிம், புது மின்னஞ்சல், புது வங்கிக் கணக்கு என்ற வரிசையில் போங்கள். வெளியேறிய பிறகு கூட்டுக் கணக்கிலிருந்து ஜிபே செய்தால் கடைப் பெயர் ஸ்டேட்மென்டில் வரும், அதை வைத்து ஊரைக் கண்டுபிடித்துவிடலாம்.

கேள்வி: தங்கையை மாப்பிள்ளை அடிக்கிறார். சொந்தக்காரர்கள் நாலு பேரோடு போய் இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு அழைத்து வரலாம் என்கிறார்கள்.
– அண்ணன், விருதுநகர்

பதில்: உங்கள் கோபம் நியாயம், ஆனால் வழி தப்பு. பஞ்சாயத்து முடிந்து நாலு பேரும் பஸ் ஏறியதும் அதற்கான அடி தங்கைக்குத்தான் விழும். கைகலப்பானால் உங்கள் மேலும் வழக்கு. முதலில் தங்கையிடம் தனியாக, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். வர வேண்டும் என்றால் அவர் இல்லாத நேரத்தில் அழைத்து வாருங்கள்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005-இன்படி அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுப் போடலாம். சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர் நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தயாரித்துக் கொடுப்பார். வக்கீல் இலவசம், பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது, இலவச சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழையுங்கள். மனு வந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். ஆகவே 23-ஆம் பிரிவின் கீழ் இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். வீடு மாமனார் பெயரில் என்பதால் அவளுக்கு உரிமையில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கூட்டாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவல் நிலையத்தில் ‘சமாதானமாகப் போகிறோம்’ என்று எழுதச் சொன்னால் படிக்காமல் கையெழுத்து போட வேண்டாம், வெற்றுத்தாளில் போடவே கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டில் தினமும் அலறல். புகார் கொடுத்தால் எங்கள் தலையில் வந்து விடியுமா?
– குடும்பத்தலைவி, திருச்சி

பதில்: விடியாது. நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் கொடுப்பவர் மீது சிவில், கிரிமினல் இரண்டு வழக்கும் வராது என்று அதே குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் 112. மற்ற நேரங்களில் அந்தப் பெண்ணைக் கேட்காமல் புகார் கொடுக்க வேண்டாம். அவள் தயாராக இல்லாதபோது போலீஸ் வந்து எச்சரித்துவிட்டுப் போனால் அன்றிரவு நிலைமை மோசமாகும். துணி காயப்போடும்போது தனியாகப் பேசுங்கள். 181 என்ற எண்ணைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லுங்கள். மற்றபடி கதவு தட்டி ‘கரண்ட் இருக்கா?’ என்று கேட்டாலே அடி பாதியில் நிற்கலாம். போகும்போது தனியாகப் போகாமல் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே நில்லுங்கள்.