கண் வைத்தியர் இல்லாத ஊரில் போன் மூலம் அவசரக் கண் சிகிச்சை செய்யலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கத்துச் சிறிய வைத்தியசாலை ஒன்றிலிருந்து, தூரத்தில் இருக்கும் கண் நிபுணருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பிச் சிகிச்சை கேட்பது சரிவருமா என்பது கேள்வி.

சரிவரும். ஆனால் அதனால் முடிவது ஒன்றுதான்: யாரை உடனே அனுப்புவது, யாரை நாளைக் கிளினிக்குக்கு விடுவது, யாரை ஊரிலேயே வைத்துப் பார்ப்பது என்று தீர்மானிக்கலாம். கண் அழுத்தமும் விழித்திரையும் போன் படத்தில் தெரியாது. வலியில்லாமல் திடீரென்று பார்வை போனவரின் கண் படத்தில் நல்ல கண்ணாகவே தெரியும். அவரை உடனே அனுப்பவேண்டும்.

சுண்ணாம்பு, சீமெந்து, களைநாசினி கண்ணில் பட்டிருந்தால் போனை எடுக்கவே வேண்டாம். முதலில் கழுவுங்கள். சேலைன் போத்தலில் டிரிப் குழாயை மாட்டி, குறைந்தது 30 நிமிடம் விடாமல் ஓடவிடுங்கள். 2 லீற்றர் வரை போகும். சேலைன் இல்லையென்றால் சுத்தமான தண்ணீர் போதும். மேல் இமையைப் புரட்டிப் பார்க்கத்தான் பலர் மறக்கிறார்கள். அங்கே ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துணிக்கை, கழுவி முடித்த பிறகும் எரித்துக்கொண்டே இருக்கும். ஈரப் பஞ்சுக் குச்சியால் அதை எடுத்த பிறகுதான் அழைப்பு.

மற்றவர்களுக்குப் படத்துக்கு முன் பார்வை அளவை எடுங்கள். 6 மீற்றர் தூரத்தில் பார்வை அளக்கும் எழுத்து அட்டை, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடவேண்டும். விரலால் மூடினால் இடுக்கால் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாவிட்டால் விரல் எண்ணுகிறாரா, கை அசைவு தெரிகிறதா, வெளிச்சமாவது தெரிகிறதா என்று பாருங்கள். சிக்னல் விழாத இடத்தில் இந்த அளவைச் சாதாரண அழைப்பில் சொன்னாலே நிபுணர் பாதி முடிவெடுத்துவிடுவார்.

படத்துக்குப் பின்பக்கக் கமராவைப் பாவியுங்கள். பிளாஷ் வேண்டாம்; அதன் பளபளப்பு கருவிழியில் புண்ணைக் காட்டும் வெள்ளைப் புள்ளியை மறைத்துவிடும். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, ஏறக்குறைய 15 சென்ரிமீற்றரிலிருந்து சூம் செய்து எடுங்கள். இன்னும் கிட்டப் போனால் படம் கலங்கும். பிறகு புளோரசீன் என்ற சாயத் தாளை ஒரு துளி சேலைனில் நனைத்துக் கீழிமைக்குள் தொட்டு, நீல வெளிச்சத்தில் இன்னொன்று எடுங்கள். காயம் பச்சையாக ஒளிரும். படத்தை டொக்கியுமென்ற் ஆக அனுப்பினால் தரம் குறையாது. வயது, எந்தக் கண், என்ன பட்டது, எத்தனை மணிக்கு என்பதையும் கூடவே எழுதுங்கள்.

கண்மணி நீர்த்துளிபோல இழுபட்டிருந்தால், கருவிழியில் மண்ணிறமாக ஏதாவது துருத்தினால், கண் துளைபட்டிருக்கிறது. கழுவாதீர்கள், மருந்து விடாதீர்கள், குத்தி நிற்பதை இழுக்காதீர்கள். கடதாசிக் கப்பின் அடிப்பகுதியை வெட்டியெடுத்து, கண்ணின் மேல் கவிழ்த்து, புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் தாங்கும்படி பிளாஸ்டர் ஒட்டுங்கள். சத்திரசிகிச்சை தேவைப்படலாம், சாப்பாடு தண்ணீர் கொடுக்கவேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

காலபோக அரிவுவெட்டு நேரம் தனிக் கவனம் வேண்டும். நெற்கூர், வைக்கோல் பட்ட கண்ணில் பூஞ்சணப் புண் மெதுவாக வரும். தாய்ப்பால் விடுவதும், பாமசியில் வாங்கிய டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரோயிட் துளி விடுவதும்தான் கண்ணைக் கெடுக்கின்றன. ஸ்டீரோயிட் துளியில் சிவப்பு வடியும், நோயாளி சுகம் என்று நினைப்பார், உள்ளே பூஞ்சணம் வளரும். என்ன துளி விட்டீர்கள் என்று கேட்டு, போத்தலையும் படமெடுத்து அனுப்புங்கள்.

ஊரிலேயே வைத்துப் பார்ப்பவரை 24 மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு, அதே வெளிச்சத்தில் படமெடுத்து, பார்வையும் அளக்கவேண்டும். வெள்ளைப் புள்ளி பெருத்திருந்தாலோ, அட்டையில் ஒரு வரி குறைந்திருந்தாலோ, பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிவிடுங்கள்.